கண்ணாடி இல்லாத வீடு





போன இதழ் உங்கள் கைக்கு வந்து சேர்ந்த சில நாட்களிலேயே ஒரு வாசகியிடமிருந்து கடிதம் வந்தது. இன்லேண்டு லெட்டரில் இடம் போதாமல், ஒட்டுகிற மடிப்பிலும் இரண்டு வரி நெருக்கி எழுதியிருந்தார். கூட்டுறவு வங்கி ஒன்றில் வேலை பார்க்கிறவர். அவர் கேட்டது இதுதான்: "ஆபீசில் நான் ஒருத்திதான் கிறிஸ்தவள். வேலைத்தலத்தில் சாட்சியாக இருக்க வேண்டும் என்று எங்கள் போதகர் ஞாயிறுதோறும் சொல்கிறார். நான் வாயைத் திறந்தால் 'ஆரம்பிச்சுட்டாங்கப்பா' என்கிறார்கள். திறக்காவிட்டால் ராத்திரி படுக்கும்போது மனசு குத்துகிறது. நான் என்னதான் செய்யட்டும், ஐயா?"

நம் வாசகர்களில் பாதிப்பேர் இந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடுவார்கள் என்று நினைக்கிறேன். பள்ளிக்கூட ஆசிரியர், பஸ் கண்டக்டர், தையல் கடை வைத்திருப்பவர், மருமகளாகப் போன இடத்தில் தனியாக ஜெபம் பண்ணுகிற பெண் என எல்லாருக்கும் உள்ள சங்கடம் இது. அதனால் பதிலைத் தனிக்கடிதமாக எழுதாமல் இந்தப் பக்கத்திலேயே எழுதுகிறேன்.

சங்கடம் வேதத்திலேயே இருப்பதுபோலத் தோன்றும். மலைப்பிரசங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மத்தேயு 5ஆம் அதிகாரத்தில், நீங்கள் செய்யும் நல்ல காரியங்களை ஜனங்கள் பார்க்க வேண்டும், பார்த்துவிட்டுப் பரமபிதாவைப் புகழ வேண்டும் என்கிறார் இயேசு. அடுத்த அதிகாரத்துக்குப் போனால், பிறர் பார்க்க வேண்டும் என்பதற்காகத் தர்மம் செய்யாதே, ஒரு கை கொடுப்பது மறு கைக்கே தெரிய வேண்டாம் என்கிறார். ஒரே பிரசங்கத்தில் இரண்டும் இருக்கின்றன. பார்க்கட்டும் என்கிறாரா, பார்க்கக்கூடாது என்கிறாரா?

வியாக்கியான நூல்களில் இதற்கு நல்ல விளக்கங்கள் உண்டு. எனக்கு இது விளங்கியது ஒரு குடும்பத்தின் கதையில். கொல்லிமலையில் தொடங்கி, வேலூருக்குப் போய், கொல்லிமலை மண்ணிலேயே வந்து முடிந்த கதை. பிராண்ட் குடும்பத்தை உங்களில் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். இந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு அந்தக் கதையை மறுபடி ஒருமுறை கேட்போம்.

ஜெஸ்ஸி பிராண்ட் இங்கிலாந்துக்காரர். கட்டட வேலை தெரிந்தவர். டாக்டர் பட்டம் இல்லை. லண்டன் லிவிங்ஸ்டன் கல்லூரியில் வெப்பநாட்டு நோய்களைப் பற்றி ஒரு வருடப் பயிற்சி பெற்றிருந்தார், அவ்வளவுதான். 1907இல் இந்தியா வந்தவர், சேந்தமங்கலம் பகுதியில் ஊழியம் செய்துகொண்டிருந்தார். 1913இல் எவலினைத் திருமணம் செய்துகொண்டு கொல்லிமலைக்குக் குடியேறினார். இன்றைக்கு எழுபது கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றி பஸ் மேலே போய்விடுகிறது. அன்றைக்கு ஒற்றையடிப் பாதையும் டோலியும்தான். மலைக்காய்ச்சலுக்குப் பயந்து சமவெளிக்காரர்கள் அங்கே ராத்தங்கவே யோசிப்பார்கள்.

மலையில் அவரைத் தேடி வந்த நோய்களில் ஒன்று நரம்புச்சிலந்தி. இளைய தலைமுறைக்கு இந்தப் பெயரே தெரிந்திருக்காது. குடிக்கிற தண்ணீர் வழியாக உடம்புக்குள் போகிற புழு, ஒரு வருடம்போல உள்ளேயே வளர்ந்து, பெரும்பாலும் காலில் கொப்புளம் கட்டி வெளியே தலை நீட்டும். இழுத்தால் அறுந்துவிடும். அறுந்தால் உள்ளே சீழ் பிடித்து, கால் முழுக்க வீங்கி, ஆள் படுத்த படுக்கைதான். ஆகவே ஒரு சின்னக் குச்சியில் அதைச் சுற்றி, தினம் கொஞ்சம் கொஞ்சமாக, அறுந்துவிடாமல் வெளியே எடுக்க வேண்டும். அந்த வேலைக்கு மருந்தைவிடப் பொறுமைதான் அதிகம் தேவை. மலைவாசி ஒருவரின் நாற்றமெடுத்த காலுக்கு முன்னால் தினமும் குந்தி உட்கார்ந்து குச்சியைச் சுற்றுகிற வெள்ளைக்காரரை ஊர்க்காரர்கள் பார்த்திருப்பார்கள்.

அவர் அதோடு நிற்கவில்லை. படிக்கட்டுக் கிணற்றில் ஜனங்கள் இறங்கி, காலை நனைத்துக்கொண்டு தண்ணீர் மொள்வார்கள். கொப்புளத்தின் எரிச்சலுக்குத் தண்ணீர் இதமாக இருக்கும். அந்த நேரத்தில்தான் புழு தன் குஞ்சுகளைத் தண்ணீரில் விடும். அதே தண்ணீர் அடுத்த வீட்டுப் பானைக்குப் போகும். கட்டட வேலை தெரிந்தவருக்கு வழி புரிந்துவிட்டது. கிணற்றுக்குச் சுவர் எழுப்பி, இறங்காமல் மேலிருந்தே இறைக்கும்படி செய்தால் நோயின் சங்கிலி அறுந்துவிடும். அதற்காக ஊர் ஊராகப் பேசினார். (2000ஆம் ஆண்டில் இந்தியா முழுவதும் இந்த நோய் ஒழிந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது. அதற்குப் பின்னால் இப்படிப்பட்ட பெயர் தெரியாத கிணற்று வேலைகள் எத்தனையோ உண்டு.)

இவ்வளவு செய்தும் பல ஆண்டுகள் மலையில் ஒருவர்கூடச் சபையில் சேரவில்லை. ஜனங்கள் வைத்தியத்துக்கு வந்தார்கள், பாட்டைக் கேட்டார்கள், வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஊர்ப் பூசாரிக்கு இவர்கள் அங்கே இருப்பதே பிடிக்கவில்லை. யாரும் அவர்களோடு சேராமல் பார்த்துக்கொண்டார். அவர் பக்கத்திலிருந்து யோசித்தால் அதிலும் நியாயம் உண்டு. மலையேறி வந்த வெளியாட்கள் எவரும் அதுவரை அந்த ஜனங்களிடமிருந்து எதையாவது வாங்கிக்கொண்டுதான் இறங்கிப் போயிருக்கிறார்கள்.

பிறகு உலகையே உலுக்கிய இன்ஃபுளுயன்சா விஷக்காய்ச்சல் மலைக்கும் வந்தது. காய்ச்சலில் விழுந்தவர்களை அப்படியே விட்டுவிட்டு, பயந்துபோன உறவினர்கள் காட்டுக்குள் ஓடினார்கள். நோயைவிடப் பசியும் தாகமும் அதிகம் பேரைக் கொல்வதை ஜெஸ்ஸி கவனித்தார். பெரிய பாத்திரத்தில் அரிசிக்கஞ்சி காய்ச்சி, கணவனும் மனைவியும் குடிசை குடிசையாகப் போய் ஊட்டினார்கள். பூசாரியும் அவர் மனைவியும் படுக்கையில் விழுந்தபோது அவர்களை எட்டிப் பார்க்க எவரும் வரவில்லை. வந்தது ஜெஸ்ஸி பிராண்ட்தான். சாகும் தறுவாயில் அந்தப் பூசாரி தன் பிள்ளைகளை அவர்கள் கையிலேயே ஒப்படைத்தார். கைக்குழந்தையாக இருந்த பெண்ணுக்கு ரூத் என்று பெயரிட்டு வளர்த்தார்கள். அதற்குப் பிறகுதான் மலை ஜனங்கள் அந்தக் குடும்பத்தின் கடவுளைப் பற்றித் தாங்களாகவே கேட்கத் தொடங்கினார்கள்.

இந்தக் கதையைச் சொல்கிற பலரும் இங்கே நிறுத்தி, "பார்த்தீர்களா, கடைசியில் கனி கிடைத்தது" என்று முடித்துவிடுவார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன், பூசாரி பிழைத்து எழுந்து மறுநாள் முதல் மறுபடி எதிர்க்கத் தொடங்கியிருந்தால்? கஞ்சி வீணாகியிருக்குமா? சபைக் கணக்கில் ஒரு ஆளும் கூடாவிட்டாலும் ஜெஸ்ஸி அந்தக் குடிசைக்குப் போயிருப்பார் என்பதை ஊர் நன்றாகப் புரிந்துகொண்டிருந்தது. ஏனென்றால் அத்தனை வருடமாக ஒரு பலனும் இல்லாமலே அவர் குச்சி சுற்றிக்கொண்டிருந்ததை அது பார்த்திருந்தது. லாபத்துக்காக வந்தவராக இருந்தால் என்றைக்கோ கடையைக் கட்டிக்கொண்டு போயிருப்பாரே! தூண்டிலில் மாட்டிய புழுவாக நம் நற்செயல் இருந்தால், அதைக் கண்டுபிடிக்க ஜனங்களுக்கு அதிக நேரம் ஆகாது.

1929இல் ஜெஸ்ஸி மலைக்காய்ச்சல் முற்றிக் கொல்லிமலையிலேயே இறந்தார். வயது 44. மகன் பால் அப்போது படிப்புக்காக இங்கிலாந்தில் இருந்தான். அப்பா இறந்த செய்தி தந்தியில் வந்துவிட்டது. அதற்குப் பிறகும் கப்பல் தபாலில் அப்பாவின் கடிதங்கள் சில வாரங்களுக்கு வந்துகொண்டிருந்தன. மலையின் மரங்களையும் பறவைகளையும் பற்றி மகனுக்கு எழுதிய கடிதங்கள்.

அந்தப் பையனுக்கு டாக்டராகப் பிடிக்கவில்லை. அப்பா சீழைக் கழுவுவதையும் புழுவைச் சுற்றுவதையும் சின்ன வயதில் பார்த்து அருவருத்துப் போனவன். அப்பாவைப் போல மிஷனரியாகலாம், வைத்தியம் மட்டும் வேண்டாம் என்று தச்சுவேலையும் கொத்துவேலையும் கற்றான். பிறகுதான் ஆண்டவர் அவனைச் சுற்றி வளைத்து மருத்துவப் படிப்புக்குக் கொண்டுவந்தார். போர்க்கால லண்டனில் அறுவை சிகிச்சை நிபுணரான டாக்டர் பால் பிராண்ட், 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். அங்கே 1900இல் ஒரே ஒரு படுக்கையோடு மருத்துவமனையைத் தொடங்கியவர் டாக்டர் ஐடா ஸ்கடர் என்பது நீங்கள் அறிந்ததே.

1947இல் ஒருநாள் செங்கல்பட்டு திருமணி தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கப் போனார் பால். தொழுநோய் நிபுணர் டாக்டர் ராபர்ட் காக்ரேன் அவரை அழைத்துக்கொண்டு சுற்றிக் காட்டினார். நோயாளிகளின் விரல்கள் மடங்கி, கைகள் கொக்கிபோல ஆகிவிட்டிருந்தன. எலும்பு மருத்துவர்கள் ஒருவரும் ஏன் இதைக் கவனிப்பதில்லை என்று பாலுக்குத் திகைப்பு. ஒரு நோயாளியின் முடங்கிய கைக்குள் தன் கையைக் கொடுத்து, அழுத்துங்கள் என்றார். ஒட்டிப்போன அந்தக் கையில் ஒன்றும் இருக்காது என்று நினைத்திருந்தார். நோயாளி அழுத்தியபோது வலி தாங்காமல் துடித்துவிட்டார். அந்த வலிதான் அவருக்கு வழி காட்டியது. செத்துப்போன கை என்று எல்லாரும் கைவிட்ட கையில் பலமான தசைகள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. அவற்றை இடம் மாற்றிக் கட்டினால் விரல்களை நிமிர்த்தலாம்.

அன்றைய நிலையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். தொழுநோயாளியைச் சேர்த்தால் மற்ற நோயாளிகள் ஓடிவிடுவார்கள் என்று பொது மருத்துவமனைகள் அஞ்சிய காலம். அந்தக் காலத்தில் வேலூரில் தொழுநோயாளிகளின் கைகளுக்குத் தசைநார் மாற்று அறுவை சிகிச்சை தொடங்கியது. விரல்கள் அழுகி விழுவதில்லை, வலி உணர்வு போய்விட்டதால் சூடும் வெட்டும் தெரியாமல் காயப்பட்டுத்தான் குறைகின்றன என்பதை அவரும் கூட இருந்தவர்களும் படிப்படியாக நிரூபித்தார்கள்.

அந்தக் கண்டுபிடிப்புக்குள் ஒரு வேடிக்கை உண்டு. ராத்திரி தூங்கி எழுந்தால் சிலருக்கு விரலின் நுனியைக் காணோம். எப்படிப் போனது என்று அவர்களுக்கே தெரியாது. காவல் இருந்து பார்த்தபோது எலி வந்து கடித்துவிட்டுப் போவது தெரிந்தது. உணர்ச்சி இல்லாத விரலாதலால் தூக்கம் கலையவில்லை. அதற்குப் பிறகு, சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போகிறவர்கள் கூடவே ஒரு பூனையையும் கொண்டுபோக வேண்டும் என்று ஏற்பாடானது. உலகம் போற்றிய அறுவை சிகிச்சை நிபுணர், நோயாளி வீட்டுக்குப் பூனைக்குட்டி தேடுகிறார்! மருத்துவ நூல்களில் இடம்பெற்ற சாதனை ஒரு பக்கம் இருக்கட்டும். ஒரு மனிதன் ராத்திரி எங்கே படுக்கிறான், எதன்மேல் படுக்கிறான், அவன் குடிசையில் எலி உண்டா என்றுவரை யோசிக்கிற மனது இருக்கிறதே, அதை நான் பெரிதாக நினைக்கிறேன்.

இன்னொன்று. கை சரியானவர்கள் சிலர் சந்தோஷமாக ஊருக்குப் போய், வாடிய முகத்தோடு திரும்பி வந்தார்கள். மடங்கிய கையை நீட்டினால் பிச்சையாவது விழுந்தது. நிமிர்ந்த கைக்கு அதுவும் விழவில்லை. தழும்பைப் பார்த்து வேலை கொடுக்கவும் ஆளில்லை. "நல்லா ஆக்கி என் பிழைப்பைக் கெடுத்துட்டீங்களே" என்கிற நிலை. அங்கிருந்துதான் 1951இல் வேலூரில் நவஜீவ நிலையம் பிறந்தது. மண்சுவர்க் குடிசைகளில் தங்கி, தச்சுவேலை கற்று, மரப்பொம்மைகள் செய்தார்கள். கையில் காயம் படாதபடி கருவிகளின் பிடிகளை மாற்றி அமைத்துக் கொடுத்தார்கள். டாக்டராகப் பிடிக்காமல் பையன் கற்ற தச்சுவேலைக்கு இப்போது வேலை வந்தது பாருங்கள். 1955இல் கரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சி மருத்துவமனையும் எழுந்தது.

இந்த வேலைகளுக்கு நடுவில் நடந்த ஒரு சம்பவத்தைப் பால் பிராண்டே எழுதியிருக்கிறார். ஒரு இளைஞனைப் பரிசோதித்துவிட்டு, அவன் தோளில் கைபோட்டபடி, இன்ன சிகிச்சை செய்யப்போகிறோம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். திடீரென்று அவன் தேம்பித் தேம்பி அழத் தொடங்கினான். தப்பாக ஏதாவது சொல்லிவிட்டோமோ என்று டாக்டருக்குப் பதற்றம். கூட இருந்தவர் விசாரித்துச் சொன்னார்: தோளில் கைபோட்டதற்காக அழுகிறான், பல வருடமாக அவனை யாரும் தொட்டதே இல்லையாம்.

வங்கியில் வேலை பார்க்கும் சகோதரிக்கும், அவரைப் போன்ற எல்லாருக்கும் என் பதில் இந்த இடத்தில்தான் இருக்கிறது. அந்த இளைஞன் அந்த நிமிடத்தில் ஏதோ ஒன்றைப் பார்த்தான். காட்டியவருக்குத் தான் காட்டியதே தெரியாது. "இவனைத் தொட்டு ஆண்டவருடைய அன்பைக் காட்டுகிறேன்" என்று நினைத்து அவர் கையைத் தூக்கியிருந்தால், அந்தக் கையின் கனம் வேறாக இருந்திருக்கும். தொழுநோயாளிக்கு அது உடனே தெரிந்துவிடும். வாழ்நாளெல்லாம் பிறருடைய கண்ணையும் கையையும் அளந்து பழகியவன் அல்லவா!

மத்தேயு 25இல் நியாயத்தீர்ப்பின் காட்சி வருகிறது. பசித்தவனுக்குச் சோறு போட்டவர்களை, நோயாளியைப் போய்ப் பார்த்தவர்களை ராஜா பாராட்டுகிறார். அவர்களோ, உம்மை நாங்கள் எப்போது அப்படிப் பார்த்தோம் என்று விழிக்கிறார்கள். தாங்கள் செய்தது அவர்களுக்கு நினைவே இல்லை. 5ஆம் அதிகாரமும் 6ஆம் அதிகாரமும் ஒன்றோடொன்று மோதாமல் கைகோத்துக்கொள்வது அந்த மறதியில்தான். எதிரே இருக்கிற மனிதருக்காகச் செய்யும்போது, பார்க்கிறவர்கள் பார்க்கத்தான் செய்வார்கள். செய்கிறவர் மட்டும் தன்னைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார். பிறர் பார்ப்பதற்காகச் செய்யும்போது அங்கே தெரிவது நாம் மட்டும்தான்.

பாலின் தாயார் எவலின் இதை வீட்டிலேயே செய்து காட்டினார். கணவர் போனபின் கிட்டத்தட்ட எழுபது வயதில், வயதாகிவிட்டது என்று மிஷன் ஓய்வு கொடுத்தபோது, தன் பொறுப்பிலேயே மறுபடி மலைக்குப் போனார். கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன்மலை என்று குதிரைக்குட்டியில் ஏறி ஊர் ஊராகச் சுற்றினார். விழுந்தார், எலும்பு முறிந்தது, இரண்டு மூங்கில் கழிகளை ஊன்றிக்கொண்டு மறுபடியும் கிளம்பினார். பாட்டி பிராண்ட் என்றே எல்லாரும் அழைத்தார்கள். வாழ்க்கையின் கடைசி இருபது ஆண்டுகள் அவர் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியே வைத்துக்கொள்ளவில்லை என்று மகன் எழுதியிருக்கிறார். 1974இல், 95ஆம் வயதில் இறந்தவரைக் கணவரின் கல்லறைக்குப் பக்கத்திலேயே அடக்கம் செய்தார்கள். சுருக்கம் விழுந்த அந்த முகத்தை மலை ஜனங்கள் ஆசையோடு பார்த்தார்கள். அவருக்குத்தான் அதைப் பார்க்க நேரமில்லை.

நல்ல உடம்பும் பெரிய படிப்பும் மலையேறும் தைரியமும் உள்ளவர்களுக்குத்தான் இதெல்லாம் என்று தோன்றுகிறதா? டாக்டர் மேரி வர்கீஸை நினைத்துக்கொள்ளுங்கள். கொச்சியில் பிறந்து வேலூரில் படித்த இளம் டாக்டர். 1954இல் ஒரு வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்து போனார். தன் எதிர்காலம் முடிந்தது என்று கிடந்தவரிடம் பால் பிராண்ட், கை அறுவை சிகிச்சையை உட்கார்ந்தபடியே செய்யலாமே என்றார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்து தொழுநோயாளிகளின் கைகளைச் சரிசெய்யத் தொடங்கினார் மேரி. பிறகு வேலூரில் மறுவாழ்வு மருத்துவத் துறையையே உருவாக்கினார். 1972இல் அரசு பத்மஸ்ரீ வழங்கியது. கால் வராத நோயாளியிடம், "தைரியமாக இரு" என்று அவர் சொல்லும்போது, அந்தச் சொல்லை நம்பாமல் இருக்க முடியுமா?

மன்னிப்பிலும் இதே கதைதான். 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில் மிஷனரி கிரகாம் ஸ்டெயின்ஸையும் அவருடைய இரண்டு சின்ன மகன்களையும், தூங்கிக்கொண்டிருந்த வண்டியோடு ஒரு கும்பல் எரித்துக் கொன்றது. அவரும் தொழுநோயாளிகளுக்காக வாழ்ந்தவர்தான். பாரிபடாவில் தொழுநோயாளிகள் இல்லத்தைக் கவனித்து வந்தார். மனைவி கிளாடிஸ், கொன்றவர்களை மன்னிக்கிறேன் என்றார். சட்டம் தன் கடமையைச் செய்யட்டும் என்று அதை அதன் போக்கில் விட்டார். அதோடு மகளைக் கூட்டிக்கொண்டு ஊருக்குக் கிளம்பிவிடாமல், சில ஆண்டுகள் அங்கேயே தங்கி அந்த நோயாளிகளைப் பார்த்துக்கொண்டார். நாடே பார்த்தது. 2005இல் பத்மஸ்ரீ கொடுத்தது. அவர் சொன்ன மன்னிப்புக்கு எடை வந்தது, மறுநாளும் அதே நோயாளிகளுக்கு நடுவில் அவர் நின்றதால்.

சரி, ஆபீஸுக்கு வருவோம்.

சகோதரி, உங்கள் கவுண்ட்டருக்கு முன்னால் ஒரு பாட்டி வந்து நிற்பார். சலான் நிரப்பத் தெரியாது. "அங்கே யார்கிட்டயாவது எழுதி வாங்கிட்டு வா" என்று அனுப்புவது வழக்கம். நீங்களே எழுதிக் கொடுங்கள். பாஸ்புக்கில் எவ்வளவு இருக்கிறது என்று படித்துச் சொல்லுங்கள். நகைக்கடன் வாங்கிய ஒருவருக்குக் கெடு முடிந்து ஏலத் தேதி நெருங்குவது உங்களுக்குத் தெரியும். நோட்டீஸ் போனதா என்று மட்டும் பார்க்காமல் ஒரு போன் போட்டுச் சொல்லுங்கள். கணக்கில் வித்தியாசம் வந்த நாளில், அலுவலக உதவியாளர் தலையில் பழியைக் கட்டிவிட எல்லாரும் தயாராக இருக்கும்போது, உண்மையைச் சொல்லுங்கள். கிறிஸ்துமஸுக்குக் கேக் கொண்டுபோவது நல்லதுதான். கூட வேலை பார்ப்பவர் வீட்டில் ஒரு சாவு என்றால் போய் நின்று, பந்தல்காரரிடம் பேசுவதும் வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பதும் அதைவிட நல்லது. அவருடைய தாயார் ஆஸ்பத்திரியில் இருந்தால் ஒரு ராத்திரி துணைக்கு இருந்து பாருங்கள்.

அப்படியானால் பேசவே வேண்டாமா? வேண்டும். பேதுரு தன் முதல் நிருபத்தில், உங்கள் நம்பிக்கைக்குக் காரணம் கேட்கிறவர்களுக்குச் சாந்தமாகப் பதில் சொல்லத் தயாராக இருங்கள் என்கிறார். அங்கே யாரோ ஒருவர் முதலில் கேட்கிறார் என்பதைக் கவனியுங்கள். கேட்கும்படி ஒன்றும் நம்மிடம் இல்லாதபோது நாமாக வலிந்து பேசுகிறோம். அதைத்தான் "ஆரம்பிச்சுட்டாங்கப்பா" என்கிறார்கள். கேட்டால் மழுப்பாமல், நீட்டாமல் சொல்லுங்கள். கேட்காவிட்டால் ராத்திரி நிம்மதியாகத் தூங்குங்கள். ஆண்டவர் தம்மைக் காட்டிக்கொள்வதற்கு நம்முடைய பதற்றம் அவருக்குத் தேவையில்லை.

தனி ஆளைவிடச் சபையாக நாம் எப்படித் தெரிகிறோம் என்பதுதான் எனக்குக் கவலை. ஒரே பீடத்தில் நற்கருணை வாங்குகிற நாம் சில ஊர்களில் சாதிக்கொரு கல்லறைத் தோட்டம் வைத்திருக்கிறோம். செத்தவர்களையே பக்கத்தில் படுக்கவிடாதவர்கள் எந்தப் பரலோகத்தைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று ஊர் கேட்காதா? பரீட்சைக் காலத்தில் ராத்திரி பத்து மணிக்கு மேலும் ஒலிபெருக்கியை வைத்து ஜெபக்கூட்டம் நடத்திவிட்டு, பக்கத்து வீட்டுப் பையனின் ஆத்துமாவுக்காக ஜெபிக்கிறோம். ஆலயத்துக்கு வெள்ளையடித்தவருக்குக் கூலி பாக்கி இருக்கும்போதே அசனப் பண்டிகைக்கு ஃபிளெக்ஸ் போர்டு வைக்கிறோம். பிற மதத்தாரைக் கேலி செய்யும் வாட்ஸ்அப் செய்தியை ஒன்றும் யோசிக்காமல் அடுத்த குழுவுக்குத் தள்ளிவிடுகிறோம். உதவி வாங்கியவரை மேடைக்கு அழைத்து, அரிசி மூட்டையோடு நிற்கவைத்துப் போட்டோ எடுத்து, அதைச் சபைப் பத்திரிகையில் போடுகிறோம். ஏழையின் முகத்தை வெளியிட்டு நம் தர்மத்தை விளம்பரப்படுத்துவதற்குப் பெயர் சாட்சி ஆகாது. நம் இதழுக்கும் அப்படிப்பட்ட படங்கள் வருவதுண்டு. அவற்றை நாங்கள் வெளியிடுவதில்லை என்பதை அனுப்புகிறவர்கள் தயவுசெய்து குறை நினைக்க வேண்டாம்.

ஒரு சிறு குறிப்பையும் இங்கேயே சேர்த்துவிடுகிறேன். தொழுநோய் இன்றும் முற்றிலும் போய்விடவில்லை. தோலில் உணர்ச்சியற்ற தேமல் கண்டால் தாமதிக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டச் சொல்லுங்கள். கூட்டு மருந்து இலவசமாகக் கிடைக்கிறது. ஆறு மாதமோ ஒரு வருடமோ ஒழுங்காகச் சாப்பிட்டால் குணமாகிவிடும். சிகிச்சை முடித்தவர்களைத் திருமண வீட்டிலும் ஆலயத்திலும் பக்கத்தில் உட்காரவைப்பது நம் பொறுப்பு.

அடுத்த சில இதழ்களில் ஒரு புதிய பகுதியைத் தொடங்க நினைக்கிறோம். உங்கள் ஊரில், உங்கள் தெருவில், யாரைப் பார்த்து "கடவுள் இருக்கிறார்" என்று உங்களுக்குத் தோன்றியதோ, அவரைப் பற்றி எழுதி அனுப்புங்கள். அவர் கிறிஸ்தவராக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நல்ல சமாரியன் கதையைச் சொன்ன ஆண்டவர் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். நூற்றைம்பது வார்த்தைக்குள் போதும். பெயரும் படமும் வேண்டாம். "நல்ல மனசுள்ளவர்", "இரக்க குணமுள்ளவர்" என்று பொதுவாக எழுதாமல், அவர் என்ன செய்தார், யாருக்குச் செய்தார், அன்றைக்கு என்ன நடந்தது என்று அப்படியே எழுதுங்கள். அவர் உயிரோடு இருந்தால், எங்களுக்கு எழுதும் முன் ஒருமுறை அவரைப் போய்ப் பார்த்து நன்றி சொல்லிவிடுங்கள். "நானா? எப்போ?" என்று அவர் கேட்டால், நீங்கள் சரியான ஆளைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள்.

கடிதம் எழுதிய சகோதரியும் கட்டாயம் எழுத வேண்டும்.

கிறிஸ்துவின் அன்பில்,
ஆசிரியர்